உஷார்! அணைந்துவிட்டது என்று நம்பும் அடுப்புதான் ஆளை எடுக்கும்

வீட்டுக்குள் விறகடுப்பு வைத்திருக்கிறீர்களா? காஸ் விலையைப் பார்த்துவிட்டு இனிமேல் ஒன்று போடலாம் என்று யோசிக்கிறீர்களா? கையிலிருக்கும் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படித்துவிடுங்கள்.

கொழுந்துவிட்டு எரியும் நெருப்பென்றால் எல்லோருக்கும் பயம். குழந்தைகூட கிட்டப் போகாது. எரிந்து முடிந்து, புகையில்லாமல், சிவப்பாகக் கிடக்கிறதே கங்கு, அதற்கு ஒருவரும் பயப்படுவதில்லை. அதைத்தான் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குள் கொண்டுபோகிறோம்.

செஞ்சியை அடுத்த தொண்டூரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண். குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐப்பசி அடைமழை. சாயங்காலம் பிள்ளையைக் குளிப்பாட்டி, அடுப்பிலிருந்து கங்கை இரும்புச் சட்டியில் அள்ளிவந்து சாம்பிராணி போட்டார்கள். போட்ட பிறகு சட்டியை வெளியே வைத்திருக்கலாம். 'குளிருக்கு அடக்கமா இருக்கட்டும்' என்று பெண்ணின் அம்மா அதைக் கட்டில் பக்கத்திலேயே விட்டுவிட்டார். ஜன்னலைச் சாத்தினார். சாரல் வருகிறதே என்று கதவுக்கடியில் பழைய புடவையையும் அடைத்தார். அத்தனையும் பாசத்தில் செய்தது.

"யம்மா, தலை வெடிக்கிற மாதிரி இருக்கு."

"பச்ச ஒடம்பு, காத்து பட்டிருக்கும். போத்திகிட்டுப் படு."

கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கே குமட்டியது. எழுந்திருக்கப் பார்த்தார். கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். கூப்பிட வாய் வரவில்லை. திண்ணையில் படுத்திருந்த வீட்டுக்காரர் மாட்டைப் பார்க்க எழுந்தவர், குழந்தையின் சத்தமே இல்லையே என்று கதவைத் தள்ளியதால்தான் மூன்று உயிரும் மிஞ்சின. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ரூம்ல அடுப்பு, கரி ஏதாவது இருந்துச்சா?"

எல்லோருக்கும் அப்படி ஒருவர் வந்து கதவைத் தள்ளுவதில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் சின்னப்பள்ளத்தில், திருச்சியிலிருந்து சுற்றுலா வந்த இரண்டு இளைஞர்கள், கோழி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். காலையில் எழுந்திருக்கவே இல்லை.

கொல்வது புகை இல்லை. கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. நிறம் கிடையாது. வாடை கிடையாது. கண்ணும் எரியாது, இருமலும் வராது. நம் ரத்தம் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். காற்று குறைந்த இடத்தில் கங்கு கனன்றால் இந்த வாயு இன்னும் அதிகமாக வரும். 'புகையே வரலியே, நல்லாத்தானே இருக்கு' என்ற நினைப்புதான் இங்கே முதல் எதிரி. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் மீட்டரையும் நம்பாதீர்கள். இந்த விஷம் ஏறிய ரத்தத்தைக்கூட அது 98, 99 என்று நல்லதாகவே காட்டும்.

'எங்க ஆயா காலம் பூரா வெறகுலதான் சமைச்சாங்க, என்ன ஆச்சு?' என்று கேட்பீர்கள். ஆயா சமைத்த வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓலைக் கூரை, அல்லது நாட்டு ஓடு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் சந்து. அடுப்பங்கரையிலிருந்து பின்கட்டுக்குத் திறந்த வழி. அந்த வீடே மூச்சுவிட்டது. அப்போதும் ஆயாவின் கண்ணும் நெஞ்சும் கெட்டுத்தான் போயின, அது வேறு. 2010இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டம் வந்ததிலிருந்து குடிசைகள் கான்கிரீட் வீடுகளாக மாறிவருகின்றன. நல்லதுதான். ஆனால் கான்கிரீட் அறையில் ஜன்னலைச் சாத்தினால் காற்று போக வழியே இல்லை. வீடு மாறிவிட்டது. கங்குச் சட்டியை உள்ளே கொண்டுபோகும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2007 முதல் அரசு இலவசமாக காஸ் அடுப்பு கொடுத்தது. அதற்குப் பிறகு வளர்ந்த பெண்களில் பலர் விறகை ஒழுங்காக மூட்டிப் பார்த்ததே இல்லை. புயல் வந்து கரண்ட் போய், சிலிண்டரும் தீர்ந்துபோனால்தான் அடுப்பைத் தேடுகிறார்கள். ஃபெஞ்சல் புயலில், 2024 நவம்பர் கடைசியில், விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மாதிரி நாளில் விறகு ஈரம், வெளியில் வைக்க இடமில்லை. அடுப்பு வீட்டுக்குள் வரும். கதவு சாத்தப்படும். ஆபத்தான நேரம் அதுதான்.

இந்த அறிகுறிகளை மனசில் எழுதி வையுங்கள்.

வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலியா? உஷார். காய்ச்சல் இல்லாமல் குமட்டல், மயக்கம், கால் துவளுதல், காரணமில்லாத தூக்கமா? உஷார். வெளியே போனால் தேவலை, உள்ளே வந்தால் மறுபடி தலை கனக்கிறதா? வாயுத்தொல்லை என்று ஓமம் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். கதவைத் திறங்கள், ஆளை வெளியே தூக்குங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், அடுப்பு எரிந்ததை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தெளிந்துவிட்டாரே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் தப்பு. சில நாள், சில வாரம் கழித்துக்கூட ஞாபகமறதி, தடுமாற்றம் என்று தலைகாட்டும்.

பழைய ஓட்டு வீடாகவே இருந்தாலும் படுக்கிற அறையில் கங்கு வேண்டவே வேண்டாம். சாம்பிராணி போட்டால் புகை காட்டிவிட்டுச் சட்டி உடனே வாசலுக்குப் போக வேண்டும்.

அடுப்பு போடுவதென்றால் தாழ்வாரமோ, இரண்டு பக்கம் திறந்த கொட்டகையோ பாருங்கள். வீட்டுக்குள்தான் என்றால் புகைபோக்கி இல்லாமல் போடாதீர்கள். குழாய் கூரைக்கு மேல் 3 அடியாவது நிற்கட்டும். ஓலைக் கூரையைத் துளைத்துக் குழாயை விடாதீர்கள், குழாய்ச் சூட்டிலேயே ஓலை கருகிப் பிடித்துக்கொள்ளும். சுவர் வழியாக வெளியே எடுத்து ஏற்றுங்கள். உள்ளே ஒட்டும் கரியை மாதம் ஒரு முறை தட்டி எடுங்கள். வழக்கமாக மேலே போகும் புகை திடீரென்று அடுப்பு வாய் வழியாகத் திரும்புகிறதா? குழாய் அடைத்துவிட்டது. அன்றைக்குச் சமையலை நிறுத்துங்கள்.

காஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் விறகடுப்பு கூடாது. இதில் பேச்சே இல்லை.

ஏரியிலிருந்தோ ஓடையிலிருந்தோ எடுத்துவந்த ஈரக் கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள், உள்ளே நின்ற தண்ணீர் ஆவியாகிக் கல் தெறிக்கும். செங்கல்லும் களிமண்ணும் போதும். அடுக்கி வைத்த வேலிகாத்தான் விறகையும் சவுக்கு மிளாரையும் மழைக்காலத்தில் வெறுங்கையால் இழுக்காதீர்கள். தேளும் கட்டுவிரியனும் அடைவது அங்கேதான். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கட்டை, பிளைவுட், பாலிதீன், ரப்பர், அரளிக் குச்சி எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது.

மூட்டும்போது? மண்ணெண்ணெய் கிடைப்பது குறைந்ததும் பைக்கிலிருந்து பெட்ரோல் பிடிக்கும் பழக்கம் வந்திருக்கிறது. கேட்கும்போதே வயிறு கலங்குகிறது. எந்தக் குளிரிலும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உறைநிலைக்கு வெகு கீழே, மைனஸ் 40 டிகிரியில்கூடப் பற்றும். அணைந்தது என்று நினைத்த அடுப்பில் சாம்பலுக்கடியில் ஒரே ஒரு கங்கு இருந்தால் போதும். தீ ஊற்றிய வழியே கையிலிருக்கும் பாட்டிலுக்கு ஏறும். பனை ஓலை, காய்ந்த மல்லாட்டைக் கொடி, தேங்காய் மட்டை இருக்கும்போது உங்களுக்கு எதற்கம்மா பெட்ரோல்? நைலான் நைட்டியோடும், துப்பட்டாவைத் தொங்கவிட்டுக்கொண்டும் அடுப்பு முன்னால் உட்காராதீர்கள். நைலான் எரிவதோடு உருகித் தோலில் ஒட்டும்.

சாம்பலை அள்ளும்போதும் கங்கு உள்ளே உயிரோடுதான் இருக்கும், ஒரு நாள் தாண்டியும் இருக்கும். பிளாஸ்டிக் வாளியில் போடாதீர்கள், வைக்கோல் போர் பக்கம் கொட்டாதீர்கள். இரும்புச் சட்டியில் அள்ளி, வாசலில் வைத்து, தண்ணீர் தெளித்துக் கிளறி, மறுபடியும் தெளியுங்கள். பிறகுதான் பாத்திரம் தேய்க்க எடுக்க வேண்டும்.

மீறிக் கை சுட்டுவிட்டால் தோசை மாவு, பற்பசை, மை எதுவும் பூசாதீர்கள். 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். வளையலையும் மோதிரத்தையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். முகத்திலோ, குழந்தைக்கோ என்றால் சின்னக் காயமாகத் தெரிந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.