ஆட்டத்துக்கு முந்தி அட்டவணை

திருப்பூர் பக்கத்து மங்கலத்தில் பள்ளி அணிக்காகப் பந்து உதைத்த ஒரு பெண், பன்னிரண்டாவது முடித்துப் பனியன் கம்பெனிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டரைக்கு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து எழும்போது இரவு எட்டரை. அவள் ஆட்டத்தை விட்டுவிட்டால், ஆர்வமில்லை என்போம், வீட்டில் விடவில்லை என்போம். அவளுக்கு ஓய்வுள்ள நேரத்தில், போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு போட்டியை ஏற்பாடு செய்ய ஆளில்லை என்பதே முதல் காரணம். பெண்கள் கால்பந்து வளர்ந்த இடங்களிலெல்லாம் வீராங்கனைகளுக்கு முன்பாகவோ கூடவோ ஒரு நிர்வாகி இருந்திருக்கிறார்.

ஆசியாவில் அந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவர் ஹாங்காங்கின் வெரோனிகா சான். 1968இல் ஆசியப் பெண்கள் கால்பந்து கூட்டமைப்பு உருவாக முன்னின்றார். 1975இல் ஹாங்காங்கில் முதல் ஆசியக் கோப்பை நடந்தது. பெண்களுக்கு உலகக் கோப்பை வர இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன. ஆண்கள் கையிலிருந்த ஆசியக் கால்பந்து கூட்டமைப்பு, பெண்கள் அமைப்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது 1986இல்தான். அதே 1975இல் இந்தியாவிலும் பெண்கள் கால்பந்துக்குத் தனிக் கூட்டமைப்பு தொடங்கியது. தலைவர், லக்னோவின் ஹமீதா ஹபீபுல்லா; அரசியலிலும் சமூகப் பணியிலும் பெயர் பெற்றவர். பலன் கண்கூடு. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இரண்டாமிடம், 1981இல் மூன்றாமிடம், 1983இல் மறுபடி இரண்டாமிடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தத் தனி அமைப்பு அகில இந்தியக் கூட்டமைப்பில் கரைந்தது. பெண்கள் அணி நெடுநாள் ஆட்டமே ஆடாமல் கிடந்ததால், 2009இல் ஃபிஃபா தரவரிசையிலிருந்தே இந்தியாவின் பெயர் நீக்கப்பட்டது.

சீனாவும் ஜப்பானும் கொரியாவும் முழுமூச்சாக இறங்கிய பிறகு இந்தியா எப்படியும் சறுக்கியிருக்கும் என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் பட்டியலில் கீழே போனால் அது ஆட்டத்தின் குறை. பட்டியலிலேயே இல்லாமல் போனால் அது ஆட்டம் வைக்காதவர்களின் குறை. இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது: நிர்வாகி பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா? தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியன் ஆனார்கள். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. கடலூரிலும் மதுரையிலும் இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஆண்கள் உண்டு. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும், பயிற்சி முடிந்து இருட்டில் எப்படி வீடு திரும்புவது, மைதானத்தில் கழிப்பறை உண்டா, மாதவிடாய் நாளில் என்ன செய்வது, வெளியூர் ஆட்டத்துக்கு அம்மாவைச் சம்மதிக்க வைப்பது யார் என்ற பேச்சு, கூட்டத்தில் பெண் இல்லாவிட்டால் பெரும்பாலும் எழுவதே இல்லை. பெண் பிள்ளைகள் ஆட்டத்தை விடுவது இந்த இடங்களில்தான். 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசியக் கூட்டமைப்புகளின் செயற்குழுவில் குறைந்தது 4 பெண்கள் வேண்டும் என்கிறது. நல்லது. மாவட்டச் சங்கம் வரை அது இறங்கினால்தான் மங்கலத்துக்குப் பயன்.

தொழிற்சாலைப் பெண்களால் முடியுமா என்ற சந்தேகத்துக்கு வரலாறு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. முதல் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் வெடிமருந்துத் தளவாடம் செய்த பெண்கள் தொடங்கிய டிக் கெர் அணியின் ஆட்டத்துக்கு, 1920 டிசம்பரில் லிவர்பூலில் 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டே ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. நிர்வாகத்தால் வளர்ந்ததை நிர்வாகமே முடக்கவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திருப்பூர் வட்டாரத்தில் கம்பெனிகளுக்கு ஞாயிறு விடுமுறை. பள்ளி மைதானங்களும் அன்று காலியாகத்தான் கிடக்கின்றன. நாலைந்து கம்பெனிகள் ஆளுக்கொரு அணி சேர்த்து, வேனும் காலணியும் கொடுத்தால் ஞாயிறு காலை லீக் ஒன்றைத் தொடங்கிவிடலாம். அதை நடத்தும் பொறுப்பை, முன்பு ஆடிய ஒரு பெண்ணிடம் சம்பளத்தோடு கொடுங்கள்.