“அப்பா, ஒங்களுக்கு எல்லாம் தெரியுமா?”



இருட்டோடு எழுந்து மரம் சீவிய உடம்பு. இரவு பாயில் சாய்ந்தால் போதும் என்றிருக்கும். அப்போதுதான் பக்கத்தில் படுத்திருக்கும் நான்கு வயசுப் பிள்ளை ஆரம்பிக்கும்: “அப்பா, பால்மரம் ஏன் விடியக்காலையில நெறையப் பால் கொடுக்குது? அதுவும் பசியாறிட்டுத்தான் வேலைக்கு வருமா? ஒங்களுக்கு எல்லாம் தெரியுமா?”

“பேசாம படு, பேய் வந்து பிடிச்சுக்கும்” என்று மட்டும் அதட்டாதீர்கள். அந்தப் பயம் தூக்கத்தைக் கெடுக்கும். இந்த வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். காலை 6 மணிக்கு எழுப்ப வேண்டிய பிள்ளையை இரவு 8 மணிக்கே படுக்க வையுங்கள். விளக்கை அணைக்குமுன் மூன்று கேள்வி. மிச்சம் நாளைக்கு என்று கணக்கு வையுங்கள்.

தெரிந்ததைச் சொல்லுங்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். இது உங்கள் கை அறிந்த பாடம்தானே!

தெரியாததற்கு, “தெரியலடா கண்ணு, வாத்தியாரைக் கேட்போம்” என்று சொல்லுங்கள். அதில் வெட்கமென்ன? பேச்சும் அறிவும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வளரும். அதட்டி வாயடைத்த பிள்ளை, நாளைக்கு வயிற்று வலியையும் சொல்லாமல் மறைக்கும். கேட்டுப் பழகிய பிள்ளை உங்களிடம்தான் ஓடி வரும்.