பார்த்தும் பாராத பாளையங்கோட்டை

"பாளையங்கோட்டையா சாமி? முப்பது தடவைக்குக் குறையாமல் போயிருப்பேன். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர்வேன். அங்கே பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது?"

நம் பங்கைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளி ஒருவர் நம்மிடம் இவ்வாறு கேட்டார். அவர் கேட்டதில் தவறொன்றுமில்லை. சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் வழியாக நெல்லைக்குச் செல்லும் பேருந்தில் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் ஏறுகின்றனர். மருத்துவமனை, நீதிமன்றம், ஜவுளிக்கடை, கல்லூரி அலுவலகம் ஆகிய இந்நான்கில் ஒன்றுக்கே பெரும்பாலோர் செல்கின்றனர். அலுவல் முடிந்ததும் அடுத்த பேருந்தைப் பிடித்து விடுகின்றனர். ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்தை நோய்க்கும் வழக்குக்கும் உரிய இடமாக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம்.

பிறரைச் சொல்வானேன்? குருமாணவப் பருவத்திலிருந்து எத்தனையோ முறை அவ்வழியே சென்றும், ஒரு நாளேனும் நின்று பார்த்தவர் அல்லர் நாம். நம் மறைமாவட்டத்தின் தலைநகரே அது என்பதால் வெட்கம் இன்னும் மிகுதி.

இங்கிலாந்து நாட்டுக் குடும்பங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை காலையில் இரயிலேறி, யார்க், டர்ஹாம், கான்டர்பரி போன்ற பழம்பெரும் நகரொன்றுக்குச் சென்று, ஓரிரவு தங்கி, ஞாயிறு மாலை வீடு திரும்புவர். யார்க் நகரின் பழைய மதில்மேல் பிள்ளைகளுடன் நடப்பர். கான்டர்பரிப் பேராலயத்தில் புனித தாமஸ் பெக்கெட் 1170-இல் வெட்டுண்டு மாண்ட இடத்தில் நின்று, அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வர். பின்னர் அருங்காட்சியகம், கடைத்தெரு, நல்ல சாப்பாடு. அத்துடன் உலா முடிந்தது. தொலைதூரப் பயணமுமில்லை, பெருஞ்செலவுமில்லை. தம் நாட்டின் கதையை அவர்கள் காலால் நடந்து கற்கின்றனர். நாமும் ஏன் இவ்வாறு செய்தலாகாது என்னும் எண்ணம் பிறந்தது. கடந்த கோடை விடுமுறையில் ஒன்பது குடும்பங்கள், சிறியோரும் பெரியோருமாக 34 பேர், இரு நாள் நெல்லை உலாவுக்குப் புறப்பட்டோம். அந்தத் தறித்தொழிலாளியும் மனைவியுடனும் மகளுடனும் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கவிருந்த பெண் அவள். "இந்த வருஷத்தோடு படிப்புப் போதும் சாமி, தறியில் கை குறைகிறது" என்று தந்தை முன்னரே நம்மிடம் சொல்லியிருந்தார். நாம் மறுத்துப் பேசவில்லை. அவரது கடன் சுமையை அறிவோம்.

கல்லும் மரமும் பாடும் கோவில்

சனிக்கிழமை காலை முதலில் நெல்லை நகரத்திலுள்ள நெல்லையப்பர் கோவிலுக்குச் சென்றோம். "கத்தோலிக்கர் அங்கே போகலாமா?" என்று ஒரு தாய் ஐயுற்றார். சங்கரநாராயணர் கோவில் கோபுரத்தின் நிழலில் கடை வைத்து, ஆடித் தபசுக் கூட்டத்தில் வணிகம் செய்து வாழும் நமக்கு இவ்வையம் வேண்டுவதில்லை. பிற மறைகளிலுள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்துள்ளது. வழிபடச் செல்வது வேறு. முன்னோரின் கைத்திறனை மரியாதையுடன் காண்பது வேறு. இதை விளக்கியபின் அவரும் உடன் வந்தார்.

ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்களின் கூட்டத்தைக் கண்டு பிள்ளைகள் வியந்தனர். தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் தரும் இசைத்தூண்கள் அவை. தட்டித் தட்டித் தேய்ப்பது தகாது என்று சொல்லி, பார்த்ததுடன் நிறுத்திக் கொண்டோம். நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றாகிய தாமிர சபையில் மர வேலைப்பாட்டைக் கண்டோம். நம் குழுவிலிருந்த தச்சர் அங்கிருந்து அசையவே மறுத்தார். "உளியை இப்படிப் பிடித்தவன் இன்று இருந்தால் அவன் வீட்டில் நான் சம்பளமில்லாமல் வேலை செய்வேன்" என்றார்.

இலண்டன் போன பாலம், நெல்லையில் நிற்கும் பாலம்

மாலையில் தாமிரபரணிக் கரையில் நின்று சுலோசன முதலியார் பாலத்தைக் கண்டோம். நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே முற்காலத்தில் ஆற்றைக் கடக்கப் பரிசலே துணை. வெள்ளக் காலத்தில் மக்கள் பட்ட துன்பம் பெரிது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பணிபுரிந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளை ஈந்து 1843-இல் பதினொரு வளைவுகளுடன் இப்பாலத்தைக் கட்டுவித்தார். பொது நிதி திரளும்வரை காத்திராமல், தம் வீட்டுச் செல்வத்தை ஆற்றின்மேல் விரித்தார் அவர்.

இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின்மேல் 1817-இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டே இது அமைந்தது என்பர். அந்த இலண்டன் பாலம் தூண்கள் அமிழ்ந்து பழுதுற்றதால் 1930-களில் இடிக்கப்பட்டது. இன்று அங்கிருப்பது வேறொரு பாலம். நம் பாலமோ வெள்ளத்தில் சேதமுற்றுப் புதுப்பிக்கப்பட்டும், பின்னர் அகலப்படுத்தப்பட்டும், இன்றும் பேருந்துகளைச் சுமந்து நிற்கிறது. எத்தனை முறை இதன்மேல் உறங்கியபடியே கடந்திருக்கிறோம்! தறித்தொழிலாளி பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றதும் இவர் போட்ட வழிதானா?" என்றார்.

கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்தில் சிறுவர்கள் குதூகலித்தனர். அங்கிருந்து அவர்களை அழைத்து வருவதே பெரும்பாடாயிற்று. இரவில் அல்வா இல்லாத நெல்லை உலா உண்டா? வரிசையில் நின்று வாங்கி, வாழையிலைத் துண்டில் சூடாகத் தின்றோம். ஒரு பங்கின் மண்டபத்தில் பாய் விரித்து உறங்கினோம்.

ஊசிக்கோபுரமும் ஒரு கைம்பெண்ணும்

ஞாயிறு காலை தூய சவேரியார் பேராலயத்தில் திருப்பலி கண்டோம். மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து பாளை மறைமாவட்டம் 1973-இல் தோன்றியதையும், இப்பேராலயமே அதன் தாய்க்கோவிலானதையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தோம். "ஆயரின் இருக்கை இதுதானா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். இப்பேராலயத்துக்குத் தன் ஊரும் உரியது என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பின்னர், பிரிந்த சகோதரரின் ஆலயங்கள் இரண்டைக் கண்டோம். ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் தூய திரித்துவ ஆலயத்தைச் செர்மானியரான இரேனியுஸ் ஐயர் எழுப்பி 1826-இல் அர்ப்பணித்தார். அதனினும் மூத்தது கிளாரிந்தா ஆலயம். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த அந்தணக் கைம்பெண் ஒருவரை, உடன்கட்டை ஏறும் வேளையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் காத்தார் என்பது செவிவழிச் செய்தி. அவர் 1778-இல் சுவார்ட்சு ஐயரிடம் ஞானமுழுக்குப் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். அவர் எழுப்பிய சிற்றாலயத்தை 1785-இல் சுவார்ட்சு ஐயரே அர்ப்பணித்தார். பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே மூத்தோர் இதனை அழைப்பர். சமுதாயம் தீயில் இட எண்ணிய ஒரு பெண், ஒரு நகரின் திருச்சபைக்கே அடித்தளமானார்.

இக்கதையைச் சொல்லிக்கொண்டே சாராள் தக்கர் கல்லூரி வாசலுக்கு வந்தோம். இப்பெயருக்குரிய சாராள் தக்கர் அம்மையார் இங்கிலாந்தில் நோயாளியாக வாழ்ந்தவர். இந்திய மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. நெல்லைச் சீமைப் பெண்கள் எழுத்தறியாதிருப்பதைச் சகோதரர் வாயிலாக அறிந்து, படுக்கையிலிருந்தபடியே அவர்களுக்காக உழைத்தார். அவர் 1857-இல் மறைந்தபின், நண்பர்கள் திரட்டிய பொருளால் இங்கு பெண்களுக்கான பயிற்சிக்கூடம் உருவாயிற்று. 1895-இல் அது கல்லூரியாக உயர்ந்தது. செவித்திறன் குறைந்தோர்க்கென ஃபுளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் இந்நகரில் பள்ளி கண்டதும் அந்நூற்றாண்டின் இறுதியிலேதான். சேசு சபையினர் 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியையும் இவற்றுடன் சேர்த்தெண்ணினால், தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று இந்நகரை அழைப்பதன் பொருள் விளங்கும். ஆங்கிலேயர் தம் ஆக்ஸ்போர்டைக் காண விடுமுறை எடுத்துச் செல்கின்றனர். நாமோ நம் ஆக்ஸ்போர்டைப் பேருந்துச் சன்னல் வழியாகவும் பார்ப்பதில்லை.

கல்லூரி வாசலில் நம் தறித்தொழிலாளி நெடுநேரம் நின்றார். வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. அவர் மகள் வாயில் பலகையை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் கொண்டிருந்தாள். தந்தை நம்மருகே வந்து, மெல்லிய குரலில், "படுக்கையில் கிடந்த அந்த வெள்ளைக்கார அம்மா யார் பெற்ற பிள்ளைக்கோ கவலைப்பட்டிருக்கிறார். நான் என் பிள்ளைக்கு..." என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்கவில்லை. சற்று நேரம் கழித்து வாயிற்காவலரிடம் சென்று, விண்ணப்பம் எந்த மாதம் தருவார்கள் என்று கேட்டு வந்தார். நாம் ஒன்றும் பேசவில்லை.

கோட்டையும் நம் ஊர்ச் சிறையும்

அரசு அருங்காட்சியகத்தில் கற்சிலைகளையும் பழம்பொருள்களையும் கண்டபின், பழைய கோட்டையின் எச்சங்களைத் தேடிச் சென்றோம். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இக்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிச் சென்றதைக் கேட்டுச் சிறுவர் கைதட்டினர். திரும்பும் பேருந்தில் இன்னொரு சிறையின் கதையையும் சொன்னோம். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், நம் சங்கரன்கோவில் வட்டாரத்துக் குருக்கள்பட்டியில் 1714-15-இல் மரண தண்டனைக்கு உள்ளாகித் தப்பியவர். "நம் குருக்கள்பட்டியிலா?" என்று பெரியோரே வியந்தனர். அடுத்த உலா எங்கே என்பது அப்போதே முடிவாயிற்று. குருக்கள்பட்டியும், சமணச் சிற்பங்களும் வெட்டுவான் கோவிலும் உள்ள கழுகுமலையும் நம் வீட்டுத் திண்ணைக்கு அருகிலேயே இருக்கின்றன.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

உலா செல்ல விரும்புவோர் சிலவற்றை நினைவிற் கொள்வீர்களாக. அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் திறப்பதில்லை. இதை அறியாமல், ஏற்பாட்டுக்கென முன்னதாகச் சென்ற நாம் பூட்டிய கதவைக் கண்டு திரும்பினோம். கோவில் நடை நண்பகலில் சாத்தப்படுமாதலால் காலையிலேயே சென்றுவிடுக. ஆலயங்களில் ஆராதனை முடியும்வரை காத்திருந்து, அனுமதி பெற்றே உள்ளே செல்க. ஒரு வேளைக் கட்டுச்சோறு கையிலிருந்தால் செலவு பாதியாகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடத் துடிக்க வேண்டா. நான்கு இடங்களைக் கண்டு, அவற்றின் கதையைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்படி செய்தல் போதும். வீட்டிலுள்ள முதியோரை விட்டுச் செல்லாதீர்கள். நாம் அறியாத பல கதைகள் அவர்களிடம் உள்ளன.

அச்சிறுமி இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி, கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இடம் கிடைக்குமா, கட்டணத்துக்கு வழி பிறக்குமா என்பதை நாம் இன்னும் அறியோம். தந்தை வாரத்தில் இரு இரவுகள் கூடுதலாகத் தறியில் நிற்கிறார். சென்ற ஞாயிறு திருப்பலிக்குப்பின் அவரிடம் நலம் விசாரித்தோம். "நேற்றும் பாளையங்கோட்டைக்குப் போய் வந்தேன் சாமி" என்றார். ஆஸ்பத்திரிக்கா என்று கவலையுடன் கேட்டோம்.

"இல்லை சாமி, கல்லூரிக்கு" என்றார்.