பூத்தேவியும் தீப்பந்தமும்

மும்பை மாநகரில் வாழும் நம் குடும்பங்களுள் ‘பவுண்டன்’ என்னும் சொல்லைக் கேளாத வீடு இராது. கோட்டைப் பகுதியில் அலுவல் பார்த்த நம் தந்தையரும் பாட்டன்மாரும், “பவுண்டனில் இறங்கினேன்”, “பவுண்டன் பக்கத்து ஆபீஸ்” என்று நாள்தோறும் பேசியவர்கள். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்றுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருட்டுமாகத் தென்னாட்டினின்று ரயிலேறி வந்த அத்தலைமுறைக்கு அவ்விடம் ஓர் எல்லைக்கல். ஆயினும் அந்த நீரூற்றின் முன் நின்று அதனைக் கண்ணாரக் கண்டவர் எத்தனை பேர்? கையெழுத்துப் புத்தகத்தை எடுத்துவிடுவதற்குள் அலுவலகம் சேர வேண்டும் என்று ஓடிய கால்களுக்கு அங்கு நிற்க நேரம் ஏது?

அக்குறையை ஒருவாறு தீர்க்க எண்ணினோம். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு மாதுங்காவில் ரயிலேறினோம். சத்ரபதி சிவாஜி நிலையத்தில் இறங்கி, தாதாபாய் நவ்ரோஜி சாலையின் வளைவு மண்டபங்களின் நிழலிலேயே தெற்கு நோக்கி நடந்தோம். மற்ற நாட்களில் தோளோடு தோள் உரசும் அச்சாலை, ஞாயிறன்று ஓய்ந்து கிடந்தது. சாலை முடியும் இடத்தில், வெண்ணிறக் கல்லில் எழுந்து நின்றது அந்த நீரூற்று.

“மாமா, இது எந்த அம்மன்?” என்று கேட்டாள், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அக்கேள்வி சிரிக்கத் தக்கதன்று. உச்சியில் நிற்பவள் ஒரு தெய்வமே. ஃப்ளோரா என்பது அவள் பெயர். பழைய உரோமானியர் பூக்களுக்கும் வசந்தத்துக்கும் தலைவியாக வணங்கிய தேவி அவள். உரோமாபுரியில் ஏப்ரல் மாத இறுதியில் அவளுக்குத் திருவிழா எடுப்பது வழக்கமாக இருந்தது. வணங்கியவர்களும் இல்லை, அவ்வழிபாடும் இல்லை. தேவி மட்டும் கடல் கடந்து வந்து மும்பையின் நடுவே நிற்கிறாள். நம்மைப் போலவே அவளும் குடியேறி வந்தவள்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

அவள் வந்த கதையைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

இந்நகரின் தென்முனையில் ஆங்கிலேயர் மதில் சூழ்ந்த கோட்டை ஒன்றைக் கட்டியிருந்தனர். அதற்கு அப்போலோ வாயில், சர்ச் வாயில், பஜார் வாயில் என மூன்று வாயில்கள். 1718-இல் திறக்கப்பட்ட புனித தோமையர் ஆலயத்துக்குச் செல்லும் வழியில் அமைந்ததால் நடுவாயில் ‘சர்ச்கேட்’ எனப் பெயர் பெற்றது. நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் சர்ச்கேட் ரயில் நிலையத்தின் பெயர் அவ்வாயிலினின்று வந்ததே. 1862 முதல் 1867 வரை கவர்னராக இருந்த சர் பார்ட்டில் ஃப்ரியர் காலத்தில், பெருகிவரும் ஊருக்கு இடம் போதவில்லை என்று அம்மதில்கள் இடிக்கப்பட்டன. சர்ச் வாயில் நின்ற இடத்தை ஒட்டியே இந்த நீரூற்று எழுந்தது. மக்களைத் தடுத்து நிறுத்திய வாயில் போய், மக்கள் கூடும் சதுக்கம் வந்தது என்பது எண்ணத் தக்கது.

இதற்கு 1864 என்ற ஆண்டே வழக்கமாகக் கூறப்படுவது. அந்த ஆண்டு பம்பாயின் வரலாற்றில் ஒரு பொற்காலம். பொய்க்காலம் என்றும் சொல்லலாம். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் செல்வது தடைப்பட்டது. உடனே நம் நாட்டுப் பருத்திக்கு விலை ஏறிற்று. பம்பாய் வணிகர்களின் கைகளில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. 1865-இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. பல செல்வர்கள் ஒரே ஆண்டில் ஓட்டாண்டிகளாயினர். பொன் கொழித்த அந்தச் சில ஆண்டுகளில் திட்டமிடப்பட்டவற்றுள் ஒன்றே இந்த நீரூற்று. இதற்கான செலவு ஏறத்தாழ 47,000 ரூபாய். அதில் 20,000 ரூபாயைத் தந்தவர் கர்செட்ஜி ஃபர்தூன்ஜி பாரேக் என்னும் பார்சி வள்ளல்.

முதலில் இதனைப் பைகுல்லாவில் உள்ள விக்டோரியா தோட்டத்தில் நிறுவவே மேற்கிந்தியத் தோட்டக்கலைச் சங்கத்தார் எண்ணினர். கவர்னரின் பெயரைச் சூட்டவும் நினைத்தனர். பின்னர் இடமும் மாறிற்று, பெயரும் மாறிற்று. கவர்னருக்குக் கிட்டாத பேறு பூத்தேவிக்குக் கிட்டிற்று.

வடிவமைத்தவர் ரிச்சர்ட் நார்மன் ஷா. பிற்காலத்தில் இலண்டன் போலீசாரின் தலைமையகமான நியூ ஸ்காட்லாந்து யார்டைக் கட்டிப் புகழ் பெற்றவர் இவரே. செதுக்கியவர் ஜேம்ஸ் ஃபோர்சைத் என்னும் சிற்பி. கல்லோ, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்லாந்தில் வெட்டியெடுத்த சுண்ணக் கல். இலண்டனின் புனித பவுல் பேராலயம் எழுந்ததும் அந்தக் கல்லில்தான்.

ஆனால் சிற்பியும் செல்வரும் மட்டும் இருந்தால் நீரூற்று எழுமா? நீர் வேண்டுமன்றோ! அதுவே இக்கதையில் நாம் மறக்கலாகாத பகுதி. அதற்கு முன் பம்பாய் மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தவர்கள். ‘தோபி தலாவ்’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அக்குளம் தூர்ந்து மறைந்து நெடுங்காலமாயிற்று. மழை பொய்த்த ஆண்டுகளில் ஊர் தவித்தது. 1850-களில் நேர்ந்த பஞ்சத்துக்குப் பின், சால்செட் தீவில் மித்தி ஆற்றுக்கு அணையிட்டு விஹார் ஏரி அமைக்கப்பட்டது. 1860-இல் அவ்வேலை முடிந்து, முதன்முறையாகக் குழாய் நீர் நகருக்குள் வந்தது. உயரத்தில் தேங்கிய நீர் குழாய் வழியே இறங்கி வரும் விசைதான் ஊற்றை மேலெழச் செய்வது. குடிக்க நீரின்றித் தவித்த ஊர், சில ஆண்டுகளுக்குள் அழகுக்காக நீரைத் தெளிக்கும் ஊராயிற்று. குடமும் கையுமாகத் தெருக்குழாயில் வரிசை நின்ற நம் தாய்மார்களைக் கேட்டால் இதன் பெருமையையும் சொல்வார்கள். இதில் உள்ள முரணையும் சொல்வார்கள்.

நீரூற்றைச் சுற்றி வந்து பிள்ளைகள் பார்த்தனர். நான்கு பக்கமும் பெண்ணுருவங்கள். அவற்றின் கீழே சிப்பியும் மீனுமான வேலைப்பாடுகள். கல்லின் மடிப்புகளெல்லாம் துணியின் மடிப்புகள் போலவே இருந்தன. இன்று இப்படித் தெளிவாகக் காண்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளாக, அழகு செய்கிறோம் என்று எண்ணி, இதன் மேல் அடுக்கடுக்காக வெள்ளை வண்ணம் பூசி வந்தனர். சுண்ணக் கல் மூச்சுவிடும் கல். நீரை உறிஞ்சிப் பின் வெளியே விடும். வண்ணம் அதன் துளைகளை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரிக்கும். வேலைப்பாட்டின் நுணுக்கமும் பூச்சுக்குள் புதைந்துவிடும். குழாய்களும் பழுதுற்று, ஊற்று பல காலம் நீரின்றி நின்றது. 2016-இல் தொடங்கி, விகாஸ் திலாவரி என்னும் பாதுகாப்புக் கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் பூச்சுகளை நீக்கி, கல்லைச் செப்பனிட்டு, நீர்வழிகளைத் திருத்தினர். 2019 ஜனவரியில் தேவி மீண்டும் நீராடத் தொடங்கினாள்.

அப்பணியின்போது சுற்றிலும் தோண்டிய இடத்தில் பழைய டிராம் தண்டவாளங்கள் வெளிப்பட்டன. 1874-இல் குதிரைகள் இழுத்துச் சென்ற டிராம், 1907-இல் மின்சாரத்துக்கு மாறி, 1964 மார்ச் 31 அன்று இரவோடு நின்றது. நம் பாட்டன்மார் ஏறி இறங்கிய வண்டியின் தடம் அது. அவர்கள் நடந்த மண்ணுக்கு அடியில் அவர்களுடைய காலம் அப்படியே கிடந்தது போலும்.

இவ்வளவும் சொல்லி முடித்துத் திரும்பும் நேரத்தில்தான், நாங்கள் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது.

நீரூற்றுக்கு அருகே மற்றொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. உழவர் ஒருவரும் தொழிலாளர் ஒருவரும் சேர்ந்து ஒரே தீப்பந்தத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் சிலை அது. எங்களுடன் வந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அங்கே சென்று, அங்கிருந்த எழுத்துக்களைக் கடகடவென்று படித்தான். தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறவன் அவன். மராத்தியை நீரோட்டமாகப் படித்துவிட்டு எங்களைப் பார்த்து, “ஹுதாத்மா சௌக் என்றால் என்ன தெரியுமா, மாமா? தம்மையே ஆகுதியாகக் கொடுத்தவர்களுடைய சதுக்கம். எங்கள் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்” என்றான். கற்பிக்கச் சென்ற நாங்கள் கற்கும் நிலையில் நின்றோம்.

அவன் சொன்னது உண்மை. மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, மராத்தி பேசும் மக்கள் மும்பையைத் தலைநகராகக் கொண்ட தம் மாநிலத்தை வேண்டினர். நகரைத் தனியே பிரித்து வைக்கும் யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. 1955 நவம்பர் 21 அன்று, சட்டமன்றத்தை நோக்கிச் செல்லத் திரண்ட மக்கள் மீது இவ்விடத்தில் போலீசார் சுட்டனர். 15 பேர் மாண்டனர். தொடர்ந்த போராட்டத்தில் உயிர் நீத்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். ஆலைத் தொழிலாளரும் எளிய குடும்பத்தாரும் அவர்களுள் பலர். 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தது. அவர்கள் நினைவாகவே இச்சதுக்கம் பெயர் மாறிற்று. இன்றும் நவம்பர் 21 அன்று இங்கு மலர் வைத்து வணங்குகின்றனர்.

மொழிக்காக உயிர் கொடுப்பது என்றால் என்ன என்பதை நமக்கு ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டுமா? மும்பையில் இப்போராட்டம் நடந்த காலத்திலேயே, நம் மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்க வேண்டும் என்று விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார், 1956 அக்டோபர் 13 அன்று உயிர் துறந்தார். அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அவரை வணங்கும் நாம், இச்சிலையின் முன் தலை தாழ்த்தாமல் செல்லலாமோ?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1960-களின் பிற்பகுதியில், தென்னாட்டார் வேலைகளைப் பறிக்கின்றனர் என்ற குரல் இந்நகரில் எழுந்தது. நம்மவர் உணவு விடுதிகள் தாக்கப்பட்ட நாட்களும் உண்டு. அந்நாட்களில் வெளியே உரக்கத் தமிழ் பேச அஞ்சிய குடும்பங்களை நாம் அறிவோம். அந்த அச்சத்தால் பிள்ளைகளுக்குத் தமிழைச் சொல்லித் தராது விட்டவர்களும் உளர். அந்த மனக்கசப்பால் மராத்தியை ஒரு சொல்லும் கற்காமலே நாற்பது ஆண்டு வாழ்ந்து முடித்தவர்களும் உளர். இருவர் பிழையையும் இன்று நாம் திருத்திக்கொள்ளலாம். தன் மொழியை மறந்தவன் பிறர் மொழிப்பற்றை உணர மாட்டான். பிறர் மொழியை மதியாதவன் தன் மொழிக்கு மதிப்புக் கேட்கும் உரிமையை இழப்பான்.

அச்சதுக்கத்தில் இரண்டு காலம் அருகருகே நிற்கின்றது. செல்வர் பொருள் கொடுத்து எழுப்பியது பூத்தேவி. எளியவர் உயிர் கொடுத்து ஏற்றியது தீப்பந்தம். ஒன்றை இடித்துத்தான் மற்றொன்றை வைக்க வேண்டும் என்று இந்நகரத்தார் எண்ணவில்லை. வந்தவளையும் வைத்துக்கொண்டனர், தம்மவரையும் மறவாதிருக்கின்றனர். ஒரு பக்கம் நீர். ஒரு பக்கம் நெருப்பு. இரண்டுக்கும் அங்கே இடம் இருக்கிறது. வந்து குடியேறிய நமக்கும் இருக்கிறது.

திரும்பி வரும் ரயிலில் அந்தப் பையனிடம் ஒரு வேலை கொடுத்தோம். தான் படித்த மராத்தி எழுத்துக்களின் பொருளைத் தமிழில் எழுதி, அடுத்த வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றோம். எழுதி வந்தான். ஐந்து வரிகள், அவற்றில் ஏழு பிழைகள். ‘ஹுதாத்மா’ என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று தெரியாமல், தன் பாட்டியைக் கேட்டு, ‘தன்னைத் தந்தவர்’ என்று எழுதியிருந்தான். பிழைகளைத் திருத்தினோம். அந்தச் சொற்களைத் திருத்தவில்லை.

அன்பர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள். அவர்கள் படித்துச் சொல்வதையும் செவி கொடுத்துக் கேளுங்கள்.