எங்கள் ஊருக்குப் பெட்ரோல் பங்க் வேண்டுமா?

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோலின் கதையும் அதுதான். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையே, பெரிய சாலையிலிருந்து விலகிக் கிடக்கும் கரிசல் கிராமம் எங்களுடையது. பக்கத்தில் உள்ள பங்குக்குப் பதினொரு கிலோமீட்டர் போக வேண்டும். போய் வருவதற்கே வண்டி பாதியைக் குடித்துவிடும். அதனால் பெட்டிக் கடையில், தண்ணீர் பாட்டிலில் அடைத்த பெட்ரோலைக் கூடுதல் விலைக்கு வாங்குவது எங்களுக்குப் பழகிப்போனது.

சென்ற ஆண்டு அக்டோபர் 2 அன்று நடந்த கிராம சபையில் ஒரு செய்தி வந்தது. ஊர் எல்லையில், தொடக்கப் பள்ளிக்கு அருகே உள்ள தரிசு நிலத்தில் பெட்ரோல் பங்க் அமைக்க அதன் சொந்தக்காரர் விண்ணப்பித்திருக்கிறார் என்பதே அது. அன்று மாலைக்குள் ஊர் இரண்டாகிவிட்டது. அந்த விவாதத்தில் நான் கற்றுக்கொண்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

இரு தரப்பு

வேண்டும் என்றவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. டிராக்டருக்கு டீசல் வாங்க அரை நாள் வேலை கெடுகிறது. நள்ளிரவில் பிரசவ வலி கண்டால், வண்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்ப முடிகிறது. நாலைந்து பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும். எங்கள் ஊருக்கு மட்டும் வந்த யோசனையும் அல்ல இது. 2018 நவம்பரில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் நாடு முழுவதும் 50,000-க்கும் மேற்பட்ட புதிய பங்குகளுக்கு விளம்பரம் செய்தபோது, கிராமச் சாலைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

வேண்டாம் என்றவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஊருக்கு மேற்கே பட்டாசு ஆலை, கிழக்கே பள்ளிக்கூடம், நடுவிலே பெட்ரோலா என்று கேட்டார்கள். "ஏற்கெனவே நெருப்பை மடியில கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். இன்னொண்ணு எதுக்குப்பா?" என்றார் ஒரு பாட்டி. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை எங்கள் பகுதி மறக்கவில்லை. முதலில் பற்றிய தீயைக் கண்டு உதவிக்கு ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பலர், அடுத்து நடந்த பெருவெடிப்பில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். என் தாயாரும் பட்டாசு ஆலைக்குத்தான் போகிறார். நானும் முதலில் வேண்டாம் என்ற பக்கமே நின்றேன்.

பெட்ரோலின் குணம்

வெடிமருந்தின் குணம் எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். உராயக் கூடாது, தட்டக் கூடாது, ஒரே அறையில் அதிகம் பேர் கூடக் கூடாது. பெட்ரோலின் குணம் வேறு. எரிவது பெட்ரோல் நீர்மம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. சுழியத்துக்கும் சுமார் 40 பாகை செல்சியஸ் கீழேயே பற்றக்கூடிய அளவு ஆவி எழும்பிவிடும். நம் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. புகையைப் போல மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி நிற்கும். காற்றில் அது ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும்.

2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுராவில் இருந்த எண்ணெய்க் கிடங்கில், கசிந்த பெட்ரோலின் ஆவி மேகமாகப் பரவிப் பிறகு வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீ பல நாட்கள் எரிந்தது. அது பெருங்கிடங்கு, கிராமத்துப் பங்க் அவ்வளவு பெரிதன்று. ஆனால் ஆவியின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

பங்கின் தொட்டி மண்ணுக்குள் புதைக்கப்படுவதற்கும் காரணம் உண்டு. மூடிய தொட்டிக்குள் ஆவி மிகுந்து காற்று குறைந்திருப்பதால் அங்கே தீ பற்றுவது அரிது. ஆபத்து மூன்று இடங்களில் உள்ளது: லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் வாய், தொட்டியின் ஆவி வெளியேறும் போக்குக் குழாய், வண்டிக்கு எண்ணெய் போடும் எந்திரம். லாரி வந்ததும் முதலில் நிலமின் கம்பியை இணைப்பது, உடம்பிலும் உலோகத்திலும் சேரும் நிலைமின்சாரம் பொறியாகிவிடக் கூடாது என்பதற்காக. இதை அம்மாவிடம் சொன்னேன். "நாங்க அறைக்குள்ள போகுமுன்ன தகட்டைத் தொட்டுட்டுப் போறது அதுக்குத்தானே! நைலான் சேலை கட்டாதேன்னு சொல்றதும் அதுக்குத்தான்" என்றார். நான் புத்தகத்தில் படித்ததை அவர் கையாலேயே படித்திருந்தார்.

சட்டம் சொல்வது

எங்கள் பக்கம் 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'நாக்பூர் லைசென்ஸ்' என்று பட்டாசு ஆலைகளை வகை பிரித்துப் பேசுவார்கள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பே பெட்ரோல் பங்குக்கும் உரிமம் தருகிறது. ஆனால் 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின்படி, அதற்கு முன் மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். மாவட்ட நிர்வாகம் விசாரணை நடத்தி, மூன்று மாதத்துக்குள் அதைத் தரவோ மறுக்கவோ வேண்டும். ஊரார் பேச வேண்டிய காலம் அந்த மூன்று மாதமே. தொட்டியைப் புதைத்த பிறகு மறியல் செய்வதில் பயன் குறைவு.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவைத் தொடர்ந்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரி 7 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி புதிய பங்க், பள்ளி, பத்துப் படுக்கையோ அதற்கு மேலோ கொண்ட மருத்துவமனை, சட்டப்படி வகுக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் வரக்கூடாது. இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்போடு வரலாம்; அப்போதும் 30 மீட்டருக்குள் கூடவே கூடாது. பங்கின் மேலே உயர் அழுத்த மின்கம்பியும் செல்லக்கூடாது.

பாட்டில் பெட்ரோல்

விதிகளைப் படிக்கையில்தான் என் எண்ணம் சற்று மாறியது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, உரிமம் இல்லாத ஒருவர் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்கலாம். ஆனால் அது விற்பனைக்காக இருக்கக்கூடாது. வைக்கும் கலமும் கண்ணாடி, பீங்கான், உலோகம் இவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் பெட்டிக் கடையில் பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பக்கத்திலேயே பீடி பற்றவைக்கும் கயிறு புகைந்துகொண்டிருக்கிறது. அதே கடையில்தான் பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்குகிறார்கள். இடைவெளி எத்தனை மீட்டர் என்று ஒருவரும் கேட்டதில்லை. பங்க் வேண்டாம் என்று சொன்ன நானே அங்கேதான் பெட்ரோல் வாங்கிக்கொண்டிருந்தேன்! உரிமம் பெற்ற ஆபத்தைக் கண்டு அஞ்சிய நாங்கள், உரிமமில்லாத ஆபத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

அளந்து பார்த்தோம்

ஒரு ஞாயிறன்று நாங்கள் நால்வர் நாடாவோடு போனோம். பள்ளிச் சுவரிலிருந்து அந்த நிலத்தின் ஓரம் 38 மீட்டர். 'ஐம்பதுக்குக் குறைவு, வென்றுவிட்டோம்' என்று குதித்தோம். வழிகாட்டுதலை மறுபடி படித்தபோதுதான் எங்கள் தவறு தெரிந்தது. அளவு நிலத்தின் ஓரத்திலிருந்து அன்று. எண்ணெய் இறக்கும் வாய், எந்திரம், போக்குக் குழாய் ஆகியவற்றில் எது பள்ளிக்கு மிக அருகில் உள்ளதோ அதிலிருந்து.

அப்படியானால் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். தயங்கித் தயங்கி நிலத்துக்காரரிடமே போய்க் கேட்டோம். "மொதல்லயே கேட்டிருந்தா காட்டியிருப்பேனே தம்பி" என்று எடுத்துக் கொடுத்தார். போக்குக் குழாய் பள்ளிப் பக்கத்து மூலையில், 41 மீட்டரில் இருந்தது. நிலத்தின் நீளமோ 35 மீட்டர். மூன்றையும் எதிர்ப்பக்கம் நகர்த்தினால் 60 மீட்டருக்கு மேல் கிடைக்கும். "அண்ணாச்சி, இதை மட்டும் மாத்திக் குடுத்தா போதும்" என்றோம். அவர் வெகுநேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சிய கவலைகள் இரண்டு. முதலாவது குடிநீர்க் கிணறு. இப்போதைய பெட்ரோலிலும் ஒரு விழுக்காடு வரை பென்சீன் இருக்கலாம். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மழை குறைந்த நம் மாவட்டத்தில் ஒரு கிணறு கெட்டால் மறு கிணறு கிடைப்பது அரிது. தொட்டியில் நாள்தோறும் அளவுகோல் விட்டுப் பார்த்து, விற்ற கணக்கோடு ஒப்பிட்டால் கசிவு தெரிந்துவிடும். இரண்டாவது பட்டாசு ஆலை. வெடிமருந்துக் கிடங்குக்கு விட வேண்டிய இடைவெளி அங்கே இருக்கும் மருந்தின் எடையைப் பொறுத்து மாறும். அதை நாடாவால் மட்டும் முடிவு செய்ய முடியாது; அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

இவற்றை எல்லாம் ஒரே மனுவாக எழுதினோம். வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அதில் கையெழுத்திட்டார்கள். அந்தப் பாட்டி கைநாட்டு வைத்தார். "இடம் தள்ளி வச்சா எனக்கொண்ணும் விரோதமில்ல" என்றார். மனு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

நண்பர்களே! 'வேண்டும்', 'வேண்டாம்' என்று கூச்சலிடுவது எளிது. 'எங்கே, எவ்வளவு தூரத்தில், யார் பொறுப்பில்' என்று கேட்பதற்குத்தான் படிப்பு வேண்டும். வெடிமருந்தோடு வாழ்ந்து இடைவெளியின் அருமையை அறிந்தவர்கள் நம் மக்கள். அந்த அறிவோடு நாம் படித்த நாலு எழுத்தும் சேர்ந்தால், நம் ஊர்களுக்கு வண்டியும் ஓடும். பள்ளிக்கூட மணியும் அச்சமின்றி ஒலிக்கும்.