உங்களுக்குத் தெரியுமா? பிரேக்கை இழந்த ஆர்.டி.350

இறக்குமதிக் கெடுபிடிக் காலத்தில் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை நாம் பெரும்பாலும் படத்தில்தான் பார்த்தோம். ஆனால் யமஹாவின் ஆர்.டி.350 பைக்கை 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ‘ராஜ்தூத் 350’ என்று இங்கேயே தயாரித்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர். ஜப்பான் வண்டியின் 39 குதிரைத்திறனை இங்கே 30.5 ஆக்கினார்கள்; மைலேஜுக்காகப் பிறகு 27. முன்சக்கர டிஸ்க் பிரேக்கையும் எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். அந்த வேகத்துக்கு டிரம் எந்த மூலைக்கு?

அதனால்தான் வீட்டில் இதைப் புதுப்பிப்பவர்கள் முதலில் டிஸ்க் தேடுகிறார்கள். அடுத்து, சிபி (கான்டாக்ட் பிரேக்கர்) பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன். சென்னையில் இந்தத் தேடலுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன.

பெயின்ட்டைவிட முக்கியம் கிராங்க் சீல். பல வருஷம் நின்ற வண்டியில் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை கக்கும், தெருவே சொல்லிவிடும். இடப்பக்க சீல் போனால் புகை வராது. காற்றை உறிஞ்சி, பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டன் ஜாம் ஆகும். நடு சீலை மாற்ற கிராங்க்கையே பிரஸ்ஸில் கொடுத்துப் பிரிக்க வேண்டும். அது போர்ட்டிகோவில் நடக்கிற வேலை இல்லை, பட்டறைக்குத்தான் போகணும்.