பட்டப் பெயர்களும் தோட்டப் பள்ளி ஆசிரியரும்

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு நிறுவப்பட்ட போ தேயிலைத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அத்தகைய பள்ளிகளில் பயின்றோர் உயர்கல்வியை நாடுங்கால் மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் பட்டப் பெயர்களை எதிர்கொள்கின்றனர். பல்கலைக்கழகம் கண்டிராத குடும்பங்களுக்கு அவற்றை விளக்க வல்லவர் ஆசிரியரே.

'இஜாசா' என்பது பட்டம். 'சர்ஜானா மூடா' இளங்கலையையும், 'சர்ஜானா' முதுகலையையும், 'டாக்டர் ஃபல்சாஃபா' முனைவர் பட்டத்தையும் குறிக்கும். 'மூடா' என்னும் மலாய்ச் சொல்லின் பொருள் இளமை. 'இளங்கலை' என்பதிலும் அதே கருத்து அமைந்துள்ளது. இவ்வொப்புமையைச் சுட்டினால் மாணவர் மறவார். ஆயின் இந்தோனேசியாவில் 'சர்ஜானா' இளங்கலையையே குறிக்கும். அங்கு முதுகலை 'மகிஸ்தர்' எனப்படும்.

தேர்வுகளின் பயனும் வேறுவேறானது. எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாக நடைபெறும். இளங்கலைச் சேர்க்கைக்கு உரியது. 1999இல் அறிமுகமான மூயட் ஆங்கிலத் திறனை மட்டுமே அளவிடுகிறது. முதுகலைக்கோ இளங்கலைப் புள்ளிச் சராசரியே முதன்மையானது. அதனைப் பாடநெறி வழியாகவோ, ஆய்வேடு வழியாகவோ, இரண்டும் கலந்தோ பயிலலாம். முனைவர் பட்டத்தை நாடுவோர்க்கு ஆய்வேடு எழுதிய பயிற்சி பெருந்துணையாகும்.

தமிழகத்தில் பயில விழைவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடைப்படியாக விளங்கிய எம்.ஃபில். பட்டத்தை இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளால் நிறுத்திவிட்டது. பழைய வழிகாட்டலை நம்பிச் செல்பவர் இல்லாத படியைத் தேடிக் காலம் இழப்பர்.

ஆகவே இச்சொற்களை இடைநிலைப்பள்ளிப் பருவத்திலேயே கற்பித்தல் நன்று. விண்ணப்பக் காலத்தில் விளக்குவது பெரும்பாலும் காலங்கடந்ததாகிவிடும்.